பெரியவங்களுக்கா, சின்னவங்களுக்கா?

பல்வலிக்கு ராத்திரி என்றால் தனிக் குஷி. பகல் முழுக்க ஒரு மூலையில் முனகிக்கொண்டிருக்கும் கடைவாய்ப் பல், மணி பதினொன்று ஆனதும் காதுவரை கம்பியை விட்டுக் குடைய ஆரம்பித்துவிடும். 2025 மே மாதம், கத்திரி வெயில், எனக்குக் கர்ப்பத்தின் 30-வது வாரம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். வலித்த பல்லும் இடது பக்கம்தான். தலையணையில் கன்னம் பட்டாலே உயிர் போய்விடும். பெரம்பூரில் எங்கள் வீட்டு ஹாலில், ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, விடியும்வரை உப்புத் தண்ணீர் கொப்பளித்த ராத்திரிகள் மூன்று.

அந்தப் பல்லில் குழி விழுந்திருப்பது எனக்கு ஐந்தாம் மாதமே தெரியும். சாதம் மாட்டிக்கொள்ளும், ஜில்லென்று குடித்தால் சுர்ரென்று ஏறும். அப்போதே பல் டாக்டரிடம் போயிருக்கலாம். போகவில்லை. "மாசமா இருக்கும்போது பல்லுல கை வைக்கக் கூடாது" என்று அம்மா சொன்னார், அத்தையும் சொன்னார். என் அம்மாவும் மாமியாரும் ஒரே கட்சியில் இருந்த சந்தர்ப்பங்கள் எங்கள் கல்யாண வாழ்க்கையில் ரொம்பக் குறைவு என்பதால் நானும் மறுத்துப் பேசவில்லை. பிரசவம் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம்.

கிராம்பு வைத்தேன், கிராம்புத் தைலம் பஞ்சில் நனைத்து வைத்தேன். நாலாவது நாள் என் கணவர் பொறுக்க முடியாமல் பேப்பர் மில்ஸ் ரோடு பக்கம் ஒரு மெடிக்கலுக்குப் போனார். சென்னையில் இது எல்லோருக்கும் தெரிந்த காட்சிதான்: "பல்வலிக்கு மூணு வேளைக்குச் செட்டு போட்டுக் கொடுங்க." கடைத் தம்பி கேட்டது ஒரே கேள்வி. "பெரியவங்களுக்கா, சின்னவங்களுக்கா?" இவரும் உண்மையைத்தான் சொன்னார். "பெரியவங்களுக்குத்தான்."

என் வயிற்றில் இருந்த சின்னவரைப் பற்றி அந்தக் கேள்வியில் இடமே இல்லை. கடைத் தம்பி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை கேட்டிருப்பான்.

வந்தது ஒரு சின்னக் காகிதக் கவர். உள்ளே மூன்று வேளைக்கு மூன்று மூன்றாக மாத்திரைகள். கத்தரிக்கோலால் அட்டையைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டியிருந்ததால், ஒவ்வொரு மாத்திரையின் முதுகிலும் வெள்ளிக் காகிதத்தில் பெயரின் ஒரு துண்டுதான் இருந்தது. ஒன்றில் முதல் மூன்று எழுத்து, இன்னொன்றில் கடைசி நாலு எழுத்து, மூன்றாவதில் விலை மட்டும். வலி மாத்திரை என்று அவர் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்திருந்ததைப் போட்டேன். முக்கால் மணி நேரத்தில் வலி கேட்டது. அன்று தூங்கினேன் பாருங்கள், அப்படி ஒரு தூக்கம்.

கவர் தீர்ந்ததும் அத்தை தன் டப்பாவைத் திறந்தார். பழைய பிஸ்கட் டப்பா. மூட்டு வலிக்கு அவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அதில் எப்போதும் இரண்டு அட்டை இருக்கும். "நான் ரெண்டு வருஷமா போடறேன், ஒண்ணும் பண்ணாது. என் மூட்டு வலிக்கே கேக்குது, பல்லுக்குக் கேக்காதா?" பாசத்தோடு கொடுத்தார், நானும் நன்றியோடு வாங்கிக்கொண்டேன். கடைக் கவரையும் சேர்த்து மொத்தம் 11 நாள். பின்னால் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது 19 மாத்திரை.

இதே வீட்டில்தான், பக்கத்து வீட்டு மரத்துப் பப்பாளியை நறுக்கி யாரோ கொடுத்தனுப்பியபோது, தட்டு வாசல்படி தாண்டவில்லை. அன்னாசிப் பழம் போட்ட கேக் என்று தெரிந்து ஒரு பிறந்த நாள் கேக்கையே திருப்பி அனுப்பினார்கள். எள்ளுருண்டை கூடாது, கிரகணத்தில் வெளியே வரக் கூடாது, காப்பி ஒரு வேளைதான். ஏழாம் மாதம் வளைகாப்புக்கு வந்த பெரியம்மா ஒருவர் என் தட்டில் இருந்த கத்தரிக்காயை எடுத்துக்கொண்டே போய்விட்டார். வாய்க்குள் போகிற ஒவ்வொன்றையும் ஆறு பேர் காவல் காத்தார்கள். மாத்திரை மட்டும் யார் கண்ணிலும் படாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அது மருந்தாச்சே, நல்லதுக்குத்தானே என்கிற நினைப்பு.

32-வது வார ஸ்கேன். 28-வது வாரத்தில் பனிக்குட நீரின் அளவு 13 என்று எழுதியிருந்தது. வயிற்றை நாலு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இருக்கும் நீரின் ஆழத்தை அளந்து கூட்டிச் சொல்கிற சென்டிமீட்டர் கணக்கு அது. 5-க்குக் கீழே போனால் நீர் குறைவு என்பார்கள். எனக்கு இந்தத் தடவை 5.8. ஸ்கேன் எடுத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இரண்டாவது தடவை அளந்தார். ஜெல்லின் குளிர்ச்சியைவிட அந்த மௌனம்தான் வயிற்றைச் சில்லிட வைத்தது.

வீட்டுக்கு ஃபோன் போட்டதும் அத்தை சொன்ன முதல் வார்த்தை: "வெயில்ல தண்ணி வத்திப் போச்சுடி. இளநீர் குடி." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வெளியே நாற்பதைத் தொடும் வெயில், ஏரியே வற்றுகிற ஊர்.

டாக்டர் அப்படி நினைக்கவில்லை. வரிசையாகக் கேட்டார். தண்ணி மாதிரி கசிகிறதா? இல்லை. அசைவு இருக்கிறதா? நன்றாக இருக்கிறது. ரத்த அழுத்தம் சரியாக இருந்தது, குழந்தையின் வளர்ச்சியும் வாரக் கணக்குக்குச் சரி.

"வேற ஏதாச்சும் மாத்திரை எடுத்துக்கறீங்களா?"

"இல்ல மேடம். நீங்க கொடுத்த அயர்ன், கால்சியம் மட்டும்தான்."

சத்தியமாக, பொய் சொல்லவில்லை. 'மாத்திரை எடுத்துக்கொள்வது' என்றால் என் மனசில் சீட்டு எழுதி, நேரம் போட்டு, தினமும் விழுங்குவது. பல்வலிக்குப் போட்டது அந்தக் கணக்கிலேயே வரவில்லை. நல்லவேளை, அவர் அதோடு விடவில்லை.

"தலைவலி, இடுப்பு வலி, பல்வலின்னு எதுக்காச்சும்?"

"ஆங்... பல்வலிக்குப் போட்டேன்."

பேனாவைக் கீழே வைத்தார். "என்ன மாத்திரை?"

எனக்குத் தெரியாது. 19 மாத்திரை விழுங்கியிருக்கிறேன், ஒன்றின் பெயர்கூடத் தெரியாது. அத்தைக்கு ஃபோன் போட்டு, அவர் எதிர் வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, அவள் அட்டையைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பப் பத்து நிமிஷம் ஆனது. வெள்ளிக் காகிதத்தின் பளபளப்பில் எழுத்து சரியாகத் தெரியவில்லை. டாக்டர் என் ஃபோனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "அசிக்ளோஃபெனாக் 100 மில்லிகிராம், பாராசிட்டமால் 325. பாராசிட்டமால் பேர் தெரியறதால எல்லாரும் காய்ச்சல் மாத்திரைன்னு நினைச்சுக்கறாங்க. கூட ஒட்டிக்கிட்டு வர்றதுதான் வில்லங்கம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. ஸ்கேன் கவரைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் படம் வரைந்து சொன்னார். அந்தக் கவர் இன்னும் என்னிடம் இருக்கிறது. எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன்.

வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டிய ஆக்ஸிஜன் நஞ்சுக்கொடி வழியாக அம்மாவிடமிருந்து வந்துவிடுகிறது. அதனால் நுரையீரலுக்கு அதிக ரத்தம் தேவையில்லை. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகிற பெரிய குழாயையும், உடம்புக்குப் போகிற பெருங்குழாயையும் இணைக்கிற மாதிரி ஒரு குறுக்குச் சந்து இருக்கிறது. டக்டஸ் ஆர்ட்டீரியோசஸ் என்று பெயர். நுரையீரலுக்குப் போக வேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதி இந்தச் சந்து வழியாகத் திரும்பி உடம்புக்குப் போய்விடும். குழந்தை பிறந்து, வீறிட்டு அழுது, நுரையீரல் விரிந்ததும் இந்தச் சந்துக்கு வேலை இல்லை. ஓரிரு நாளில் தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும்.

அதுவரை அதைத் திறந்து வைத்திருப்பதில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. நம் உடம்பில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவதிலும் அதே புரோஸ்டாகிளாண்டினுக்குக் கை உண்டு. ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் அதன் உற்பத்தியைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன என்று ஜான் வேன் என்ற விஞ்ஞானி 1971-ல் கண்டுபிடித்தார். புரோஸ்டாகிளாண்டின் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 1982-ல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. என் பல்லுக்காகப் போட்ட மாத்திரையும் அந்த வகைதான். ஆக, அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய், அங்கேயும் புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்திருக்கிறது. பிறந்த பிறகு மூட வேண்டிய சந்து முன்கூட்டியே சுருங்கினால், ரத்தம் போக வழியில்லாமல் இதயத்தின் வலது பக்கத்தில் அழுத்தம் ஏறும். நுரையீரலின் ரத்தக் குழாய்களும் அதனால் தடித்துப்போகலாம். அப்படி ஆனால் பிறந்ததும் குழந்தைக்கு மூச்சுத் திணறும். வாரம் ஏற ஏற இந்தச் சந்து மாத்திரைக்கு இன்னும் சட்டென்று சுருங்கக் கூடியதாகிறது. கடைசி மூன்று மாதம்தான் ரொம்ப ஆபத்து என்பதன் காரணம் இதுதான்.

"குறைமாசத்துல பிறக்கிற சில குழந்தைங்களுக்கு அந்தச் சந்து மூடாம அடம் பிடிக்கும். அப்ப அதை மூட வைக்க நாங்க என்ன மருந்து கொடுக்கறோம் தெரியுமா? இதே குடும்பத்து மருந்துதான். இபுபுரூஃபென், இண்டோமெத்தசின்" என்றார். எனக்கு அந்த இடத்தில்தான் சுரீரென்று உறைத்தது.

சரி, தண்ணீர் ஏன் குறைந்தது? இதுதான் எனக்குப் புதுச் செய்தி. பனிக்குட நீர் என்றால் நான் குடிக்கிற தண்ணீர்தான் எப்படியோ அங்கே போய்ச் சேர்கிறது என்று நினைத்திருந்தேன். சுமார் 20 வாரத்துக்குப் பிறகு அந்த நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர். குழந்தை அதைக் குடிக்கும், திரும்ப வெளியேற்றும், மறுபடி குடிக்கும். கேட்டதும் அத்தை முகம் சுளித்தார். ஆனால் அந்த நீரில்தான் அதற்கு நுரையீரல் வளர்கிறது, கைகால் நீட்டி மடக்க இடம் கிடைக்கிறது, தொப்புள் கொடி நசுங்காமல் மிதக்கிறது. புரோஸ்டாகிளாண்டின் குறைந்தால் குழந்தையின் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தம் குறையும். சிறுநீரும் குறையும். நீர் வற்றும். இளநீரில் சரியாகிற விஷயம் இல்லை.

முன்பெல்லாம் 30 வாரத்துக்கு மேல்தான் இந்த மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும் என்று எச்சரிக்கை இருந்தது. 2020 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதை 20 வாரத்துக்கு இறக்கியது. சிறுநீரகப் பிரச்சினையும் நீர்க் குறைவும்தான் காரணம். பெரும்பாலும் பல நாள், பல வாரம் சாப்பிட்டவர்களுக்கு வருகிறது என்றாலும், 48 மணி நேரத்திலேயே வந்ததும் பதிவாகியிருக்கிறது. 20-லிருந்து 30 வாரத்துக்குள் டாக்டரே அவசியம் என்று கொடுத்தாலும் மிகக் குறைந்த அளவு, மிகக் குறைந்த நாள். இரண்டு நாளைத் தாண்டினால் ஸ்கேனில் நீரைப் பார்க்க யோசிக்க வேண்டும். நான் 11 நாள்.

மறுநாள் குழந்தையின் இதயத்துக்கென்று தனியாக ஒரு ஸ்கேன். கீழ்ப்பாக்கம் பக்கம் போகச் சொன்னார்கள். ஆட்டோவில் போகும்போது இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மெடிக்கலுக்குப் போனவர் அவர், டப்பாவைத் திறந்தவர் அத்தை, விழுங்கியவள் நான். மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த அறையில் இருட்டு, திரையில் சிவப்பும் நீலமுமாக ரத்தம் ஓடுவது தெரிந்தது. ஒரு சின்ன வளைவில் மட்டும் நிறங்கள் கலந்து நெருப்புப் பொறி மாதிரி மின்னின. குழாய் குறுகும் இடத்தில் ரத்தம் வேகமாகப் பீய்ச்சும், அந்த வேகத்தின் நிறம் அது என்றார் அந்த டாக்டர். லேசான சுருக்கம். வலது பக்க வால்வில் துளி கசிவு. மாத்திரையை உடனே நிறுத்த வேண்டும், மூன்று நாளில் திரும்ப வர வேண்டும். வேறு மருந்து எதுவும் தரவில்லை. வழக்கமாக நிறுத்தினாலே சரியாகிவிடும் என்றார். "மாத்திரையாலதான்னு நூறு சதவீதம் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா எல்லாம் பொருந்தி வருது" என்றும் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் அந்த மூன்று நாள் இருக்கிறதே! அசைவை எண்ணச் சொல்லியிருந்தார்கள். எண்ணுவதற்கு நோட்டு வாங்கிவிட்டு, எண்ணியதை எழுத மறந்து, மறுபடி முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அந்தப் பொறி இல்லை. ரத்தம் ஒரே நிறமாக அமைதியாக ஓடியது. ஐந்தாம் நாள் நீர் 7.9, பன்னிரண்டாம் நாள் 11. எனக்கு நேரத்தில் தெரிந்தது, அதனால் திரும்பியது. அப்படித் திரும்பாத குழந்தைகளும் உண்டு என்பதை டாக்டர் மறைக்கவில்லை.

இந்தக் கலவரத்தில் எல்லோரும் மறந்த ஒரு ஆள், பல். மாத்திரையை நிறுத்தியதும் அது மறுபடி காதுக்குக் கம்பி விட்டது. இந்தத் தடவை மகப்பேறு டாக்டரே சீட்டில் எழுதிக் கொடுத்துப் பல் டாக்டரிடம் அனுப்பினார். 33-வது வாரத்தில் வேர் சிகிச்சை. நாற்காலியை முழுசாகச் சாய்க்காமல், வலது இடுப்புக்குக் கீழே ஒரு துண்டை மடித்து வைத்து, லேசாக இடப்பக்கம் சாய்த்து உட்கார வைத்தார்கள். மல்லாந்தால் வயிற்றின் கனம் முதுகுப் பக்கப் பெரிய ரத்தக் குழாயை அழுத்தித் தலை சுற்றுமாம். வயிற்றின் மேல் ஈயக் கவசம் போட்டு ஒரே ஒரு எக்ஸ்ரே. மரத்துப்போக லிக்னோகெய்ன் ஊசி. அதைக் கர்ப்பத்தில் போடலாம். முக்கால் மணி நேர வேலை. அன்று ராத்திரி பாராசிட்டமால் ஒன்று, மறுநாள் காலை ஒன்று, அவ்வளவுதான். ஐந்தாம் மாதமே, உட்கார இன்னும் சௌகரியமாக இருந்த காலத்திலேயே, இதைச் செய்துகொண்டிருக்கலாம். பல்லில் கை வைக்கக் கூடாது என்று காத்திருந்ததன் விலைதான் அந்த 19 மாத்திரை. கர்ப்பம் தெரிந்ததும் ஒரு தடவை பல்லைக் காட்டிவிடுங்கள் என்று இப்போது நான் கல்யாணமான பெண்கள் எல்லோரிடமும் சொல்லி, கொஞ்சம் போரடிக்கிறேன் என்று பெயர் வாங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் இருந்த எல்லா அட்டையையும் கொட்டி உட்கார்ந்து படித்தேன். கம்பெனி வைத்த பெயரை விடுங்கள், அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்ஸென், கீட்டோரோலாக், இண்டோமெத்தசின், பைராக்ஸிகாம், நிமசுலைட், மாதவிடாய் வயிற்று வலிக்கு நாம் கண்ணை மூடிக்கொண்டு போடும் மெஃபனமிக் அமிலம். எல்லாம் ஒரே குடும்பம். எங்கள் டப்பாவில் மட்டும் நாலு வேறு வேறு பெயரில் டைக்ளோஃபெனாக்கோ அசிக்ளோஃபெனாக்கோ இருந்தது. இவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்பதுதான் விதி, அதற்கு அடையாளமாக அட்டையில் சிவப்புக் கோடும் உண்டு. துண்டு துண்டாக வெட்டிக் கவரில் போட்டுக் கொடுத்தால் எந்தக் கோட்டைப் பார்ப்பது? அதனால் இப்போதெல்லாம் செட்டு வாங்குவதில்லை. ஒரு மாத்திரை வாங்கினாலும் பெயர் தெரிகிற பக்கம் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறோம். கடைக்காரர் முனகுவார், முனகட்டும்.

இன்னொன்று, விழுங்குவதை மட்டும் மருந்து என்று நினைக்க வேண்டாம். இடுப்பு வலிக்குத் தடவும் ஜெல்லிலும் அடிக்கும் ஸ்ப்ரேயிலும் டைக்ளோஃபெனாக் இருக்கிறது. தோல் வழியாகக் கொஞ்சம்தான் உள்ளே போகும், ஆனாலும் நாள்கணக்கில் பூசுவது கூடாது, கடைசி மாதங்களில் அறவே வேண்டாம் என்றார் டாக்டர். பல தைலங்களில் மெத்தில் சாலிசிலேட் இருக்கும், அது ஆஸ்பிரினுக்கு ஒன்றுவிட்ட தம்பி. சளிக்கு விற்கும் சில கூட்டு மாத்திரைகளிலும் இபுபுரூஃபென் ஒளிந்திருக்கும். தெரு முனை கிளினிக்கில் போடுகிற வலி ஊசியும் பெரும்பாலும் இதே சரக்குதான். போடுவதற்கு முன் எத்தனை மாதம் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். ஏழு மாத வயிறு தெரியாமலா இருக்கும் என்று நினைக்காதீர்கள், சுடிதார் போட்டால் சிலருக்குத் தெரியாது.

ஆனால் என் கதையைக் கேட்டு ஒரு விபரீதமும் நடக்கப் பார்த்தது. என் நாத்தனாரின் தோழி ஒருத்தி, முதல் பிரசவத்தில் ரத்த அழுத்தம் எகிறி அவதிப்பட்டவள். இரண்டாவதில் அவளுக்கு டாக்டர் தினமும் குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதியிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் பயந்துபோய் இரண்டு நாள் நிறுத்திவிட்டாள். விஷயம் தெரிந்து நானே பதறிப்போய் அவள் டாக்டருக்கு ஃபோன் போட வைத்தேன். அந்தச் சின்ன அளவு ஆஸ்பிரின் வலிக்கு அல்ல. ரத்த அழுத்தம் ஏறி அம்மாவையும் குழந்தையையும் படுத்தும் அந்த நிலையைத் தடுக்கவே கொடுக்கிறார்கள். அமெரிக்க எச்சரிக்கையிலேயே அதற்கு விலக்கு இருக்கிறது. டாக்டர் எழுதியதை நாமாக நிறுத்துவதும், எழுதாததை நாமாகப் போடுவதும் ஒரே தப்புதான். அன்றிலிருந்து கதையைச் சொல்லும்போது இந்த வாலையும் சேர்த்தே சொல்கிறேன்.

அப்படியானால் வலித்தால் என்னதான் செய்வது? பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதா, அதுவும் கடைவாய்ப் பல்லை? இல்லை. பாராசிட்டமால் இருக்கிறது. வேறு எதுவும் சேராத வெறும் பாராசிட்டமால், வலி அடங்கும் குறைந்த அளவில், எவ்வளவு குறைந்த நாள் முடியுமோ அவ்வளவு நாள். ஒரு வேளைக்கும் இன்னொரு வேளைக்கும் எவ்வளவு இடைவெளி, ஒரு நாளைக்கு எத்தனை என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ட்ரமடால் மாதிரி கனமான மாத்திரை வேறு வகை, அதற்கு வேறு தொல்லை: பிரசவத்தை ஒட்டி எடுத்தால் பிறக்கும் குழந்தையின் மூச்சு மந்தமாகலாம். நாள்பட எடுத்தால், பிறந்த குழந்தை மருந்து கிடைக்காமல் துடிக்கவும் செய்யும். இடுப்பு வலிக்கு எனக்கு உதவியது என்னவோ காலிடுக்கில் வைத்த தலையணையும் வெந்நீர்ப் பையும்தான்.

செப்டம்பரில், என் பையனுக்கு இரண்டரை மாதம் இருக்கும்போது, பாராசிட்டமாலால் ஆட்டிசம் வரலாம் என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் பேசியது செய்தியில் ஓடியது. அம்மா அரக்கப் பரக்க ஃபோன் செய்தார். "நீ பல்லுக்குப் போட்டியே, அதுவாடி?" அந்த இரண்டு மாத்திரை. டாக்டரிடம் கேட்டேன். அப்படி ஒரு தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது என்றார். ஸ்வீடனில் 24 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை எடுத்து, ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்து 2024-ல் வெளியான ஆய்விலும் தொடர்பு தெரியவில்லை. காய்ச்சலைக் குறைக்காமல் விடுவதுதான் கர்ப்பத்தில் கெடுதல் என்றார். எனக்கு வேடிக்கையாக இருந்தது. போட்டிருக்கக் கூடாத 19 மாத்திரைக்கு யாரும் செய்தி வாசிக்கவில்லை. போடலாம் என்ற இரண்டுக்கு வீடே கலங்கிக் கிடந்தது.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்கேன் முடிந்து வந்த அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் டப்பா பரண் மேல் இருந்தது. ஒரு வாரம் மூட்டு வலியோடு நடந்தார், தன் மாத்திரையைத் தானே போட்டுக்கொள்ளவில்லை. தண்டனை மாதிரி. நான்தான் ஸ்டூல் போட்டு ஏறப்போக, "ஐயோ, நீ ஏறாத!" என்று கத்திக்கொண்டே வந்து அவரே எடுத்தார். "அத்தை, இது உங்களுக்கு டாக்டர் கொடுத்தது. நீங்க போடுங்க. எனக்குத்தான் ஆகாது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு மாத்திரையை உடைத்துப் போட்டுக்கொண்டார். அன்று சாயங்காலம் என் கணவரைக் கூப்பிட்டு, டப்பா மூடியில் 'மாசமா இருக்கறவங்களுக்கு இல்லை' என்று மார்க்கரால் தமிழில் எழுத வைத்தார்.

ஜூலை முதல் வாரம், 38 வாரம் முடிந்து, சிசேரியனில் பையன் பிறந்தான். மூன்று கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைவு. நல்ல சத்தமாக அழுதான். குழந்தை டாக்டர் இதயத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுவிட்டு, சரியாக இருக்கிறது என்றார்.

மறுநாள் காலை நர்ஸ் ஒரு சின்னக் கப்பில் மாத்திரை கொண்டு வந்தார். தையல் வலிக்கு என்றார். என்ன மாத்திரை என்றேன். இபுபுரூஃபென். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவர் சிரித்தார். "வயித்துல இருந்தப்பதாம்மா கூடாது. இப்ப வெளிய வந்துட்டாரே. தாய்ப்பால்ல ரொம்பக் கொஞ்சம்தான் போகும், அதனால ஒண்ணும் இல்ல. டாக்டர் எழுதியிருக்காங்க பாருங்க" என்று சீட்டைக் காட்டினார்.

நான் வாங்கி வாயில் போடப்போகும்போது, தொட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்து வந்தார்.

"இரும்மா. சிஸ்டர், அந்த அட்டையக் கொஞ்சம் இப்படிக் காட்டுங்க. வெட்டாம முழுசா."